வேலுத்தம்பி தளவாய்

வேலுத்தம்பி தளவாய் (1765 – 1809) திருவிதாங்கூர் அரசின் தலைமை அமைச்சராக 1802 முதல் 1809 வரை பணியாற்றியவர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எதிராக 1808 டிசம்பரில் தொடங்கிய போரைத் தலைமை தாங்கி நடத்தியவர். இவரது முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பதாகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்தில் இரணியலை அடுத்துள்ள தலக்குளம் இவர் பிறந்த ஊர். அநியாய வரிகளுக்கு எதிராக நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டியதன் மூலம் அரசியலுக்கு வந்தார். கடுமையான தண்டனைகளால் நிர்வாகத்தைச் சீர்ப்படுத்தினார். முதலில் கம்பனியின் நண்பராக விளங்கி, பின்னர் அதன் எதிரியாக உயிர் துறந்தார். கேரளத்தில் விடுதலை வீரராகப் போற்றப்படும் இவர், வரலாற்று நூல்களில் கடுமையான குற்றச்சாட்டுகளுக்கும் உள்ளாகியுள்ளார்.

பெயரும் பட்டங்களும்

'தம்பி' என்பது இங்கு உறவுமுறைச் சொல் அன்று. திருவிதாங்கூரில் உயர்குடி நாயர் குடும்பத்தினர் சிலருக்கு வழங்கிய மரியாதைப் பெயர் ஆகும். 'செண்பகராமன்' என்பது அரசருக்குச் சிறந்த பணி செய்த குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட பட்டம்.

'தளவாய்' என்ற சொல் படைத்தலைவரைக் குறிக்கும். மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாய் அரியநாத முதலியார் வகித்த பதவியின் பெயராகத் தமிழ்நாட்டினர் இதனை அறிவர். திருவிதாங்கூரில் படைத்தலைமையும் தலைமை அமைச்சர் பொறுப்பும் ஒருவரிடமே இருந்தமையால் இரண்டுக்கும் இப்பெயரே வழங்கியது. இவருக்கு முன் அப்பொறுப்பை வகித்த இராஜா கேசவதாசர் 'திவான்' என்ற பட்டத்தை ஏற்றிருந்தார். வேலுத்தம்பியோ பழைய 'தளவாய்' என்ற பெயராலேயே அறியப்படுகிறார்.

பின்னணி

18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மர் வேணாட்டை விரிவுபடுத்தித் திருவிதாங்கூர் அரசை உருவாக்கினார். 1741இல் நடந்த குளச்சல் போரில் ஒல்லாந்தரை வென்றதும், அப்போரில் பிடிபட்ட டி லனாய் என்னும் படைவீரரைக் கொண்டு தமது படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்ததும் அவரது சாதனைகள். பத்மநாபபுரம் அவ்வரசின் தலைநகராகவும், அருகில் உள்ள உதயகிரிக் கோட்டை படைத்தளமாகவும் பீரங்கி வார்க்கும் இடமாகவும் விளங்கின. கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையிலிருந்து கடற்கரை நோக்கி நீண்ட அரண்வரிசை, பாண்டி நாட்டிலிருந்து வரும் படைகளைத் தடுப்பதற்காக அமைந்திருந்தது. கடலோரத்தில் வட்டக்கோட்டை இருந்தது.

மைசூரின் திப்பு சுல்தான் 1789 – 1790 காலப்பகுதியில் திருவிதாங்கூரைத் தாக்கினார். அத்தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளக் கம்பனியின் துணையை நாடிய திருவிதாங்கூர், 1795ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கம்பனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்த ஒப்புக்கொண்டது. திப்பு 1799இல் மறைந்த பின் அப்படைக்கான தேவை குறைந்தது. ஆனால் செலுத்த வேண்டிய பணம் குறையவில்லை. பின்னாளில் கூடவே செய்தது. வேலுத்தம்பியின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இக்கடனே அடிப்படையாக அமைந்தது எனலாம்.

1798இல் கார்த்திகைத் திருநாள் இராம வர்மர் மறைந்தபின், ஏறத்தாழப் பதினாறு வயதினரான பாலராம வர்மர் அரசரானார். அடுத்த ஆண்டு திவான் கேசவதாசரும் இறந்தார். அவருக்கு நஞ்சு வைக்கப்பட்டது என்ற ஐயம் அப்போதே எழுந்தது. இளம் அரசரைச் சூழ்ந்திருந்த ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, தச்சில் மாத்துத் தரகன் ஆகிய மூவர் கையில் ஆட்சி சென்றது.

இளமையும் முதற்பணியும்

வேலுத்தம்பி 1765இல் பிறந்தார். அரசுப் பணியில் சேர்ந்து காரியக்காரராக, அதாவது இன்றைய வட்டாட்சியருக்கு ஒப்பான அலுவலராக இருந்தார். வரி தண்டுவதும் கணக்குப் பார்ப்பதும் இப்பணியின் முதன்மைக் கடமைகள். எனவே குடிமக்கள் எவ்வளவு செலுத்தினர், அதில் எவ்வளவு கருவூலத்தை அடைந்தது என்பதை நேரடியாக அறிந்தவராக அவர் இருந்திருக்க வேண்டும்.

1799ஆம் ஆண்டு மக்கள் திரட்சி

வெறுமையாகிவிட்ட கருவூலத்தை நிரப்ப, புதிய அமைச்சர்கள் மூவரும் ஒரு வழியைக் கண்டனர். நாட்டில் வசதி படைத்தோரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரும் இவ்வளவு பணம் தர வேண்டும் என விதித்தனர். தர மறுத்தவர்களும் தர இயலாதவர்களும் சிறை வைக்கப்பட்டனர், கசையடிக்கும் உள்ளாயினர். வேலுத்தம்பியும் அழைக்கப்பட்டு, பெருந்தொகை ஒன்றைச் செலுத்துமாறு பணிக்கப்பட்டார். அவர் மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பினார்.

அந்த மூன்று நாட்களில் அவர் பணம் திரட்டவில்லை, ஆட்களைத் திரட்டினார். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் ஆகும். நெல் மிகுதியாக விளைந்த இடம் என்பதால் வரிச்சுமையும் அங்கு மிகுதி. வரிக்கொடுமை மிகும்போது நாட்டுக்கூட்டம் கூடித் தீர்மானம் செய்யும் வழக்கம் நாஞ்சில் நாட்டாருக்கு அந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே இருந்தது. வேலுத்தம்பியின் அழைப்புக்கு அவர்கள் உடன்பட்டதில் வியப்பில்லை. பெருங்கூட்டம் திருவனந்தபுரத்தை அடைந்து கோட்டைக்கு வெளியே நின்றது.

கூட்டத்தினர் வைத்த கோரிக்கைகள் பின்வருமாறு:

- ஜயந்தன் நம்பூதிரி பதவி நீக்கப்பட்டு நாடுகடத்தப்பட வேண்டும்.
- மற்ற இருவரும் மக்கள் முன்னிலையில் கசையடி பெற்று, காதுகள் அறுக்கப்பட வேண்டும்.
- உப்பு வரியும் அதனை ஒத்த பிற வரிகளும் நீக்கப்பட வேண்டும்.

அரசர் இவற்றுக்கு இணங்கினார். தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. வரி நீக்கத்தையும் காதறுப்பையும் ஒரே மூச்சில் கேட்ட இக்கோரிக்கைப் பட்டியல், வேலுத்தம்பியின் பிற்கால ஆட்சி முறைக்கு முன்னறிவிப்பாக இருந்தது.

இதன்பின் சிறையின்கீழ் ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை தலைமைப் பொறுப்பை ஏற்றார். வேலுத்தம்பி வணிகத்துறையைக் கவனிக்கும் முளகு மடிசீலை சர்வாதிகாரியக்காரர் ஆனார். மிளகு அக்காலத்தில் அரசின் தனியுரிமைப் பொருள். கருவூல வருவாயில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது. ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை சில காலத்தில் இறந்தார். அரசவைப் போட்டிகளுக்குப் பின், திருவிதாங்கூரின் முதல் ரெசிடெண்டான கர்னல் காலின் மெக்காலேயின் ஆதரவுடன் வேலுத்தம்பி தளவாய் ஆனார். இந்த மெக்காலே, இந்தியக் கல்விமுறை தொடர்பில் பெயர் பெற்ற தாமஸ் பாபிங்டன் மெக்காலேயின் பெரிய தந்தை ஆவார்.

ஆட்சி முறை

தளவாய் ஆனதும் வேலுத்தம்பி நிலங்களை மீண்டும் அளந்து கணக்கெடுக்கச் செய்தார். நிலவரிக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. வரி பாக்கிகள் தண்டப்பட்டன. அரசின் பற்றாக்குறை குறைந்தது. கொல்லத்தில் ஹுசூர் கச்சேரி எனப்பட்ட தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்தது. சங்கனாசேரிச் சந்தை இவர் காலத்தில் அமைந்தது. ஆலப்புழைத் துறைமுகத்தின் வளர்ச்சிக்கும் இவர் கவனம் செலுத்தினார்.

நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்து, ஆங்காங்கே வழக்குகளைக் கேட்டு அவ்விடத்திலேயே தீர்ப்பு வழங்குவது இவரது வழக்கம். கையூட்டு, பொய்க்கணக்கு, திருட்டு ஆகிய குற்றங்களுக்குச் சிறை, கசையடி, உறுப்பு அறுத்தல், மரண தண்டனை ஆகியவை உடனுக்குடன் அளிக்கப்பட்டன. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இதனால் குற்றங்கள் குறைந்தன எனவும், அலுவலர்கள் அஞ்சி நடந்தனர் எனவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அஞ்சியவர்களுள் குற்றமற்றவர்களும் இருந்தனர் என்பதையும் அவர்களே குறிப்பிடுகின்றனர்.

வரி விலக்குப் பெறத் தமது பெயரைப் பயன்படுத்திய குற்றத்துக்காகத் தம் தாயின் நிலத்துக்கே தண்டம் விதித்தார் என்றொரு கதை கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் வழங்கிவருகிறது. இது செவிவழிச் செய்தியாகும். இவரது நேர்மையையும் கடுமையையும் மக்கள் எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதை இக்கதை காட்டுகிறது.

சமூக அமைப்பில் இவர் மாற்றம் எதையும் செய்யவில்லை. சாதி அடிப்படையிலான வரிகளும் கட்டுப்பாடுகளும் இவர் காலத்தில் தொடர்ந்தன. 1806இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்து மயிலாடியில் இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கிய செருமானியரான ரிங்கல்தௌபே, அங்கு தேவாலயம் கட்ட அனுமதி கோரியபோது தளவாயின் எதிர்ப்பைச் சந்தித்தார். வேலுத்தம்பியின் வீழ்ச்சிக்குப் பின்னர், 1809ஆம் ஆண்டிலேயே அத்தேவாலயம் எழுந்தது.

1804ஆம் ஆண்டுப் படைக் கிளர்ச்சி

செலவைக் குறைக்கும் நோக்கில் நாயர் படையினருக்கு வழங்கப்பட்டுவந்த படிகளை வேலுத்தம்பி 1804இல் குறைத்தார். படையினர் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ 10,000 பேர் திருவனந்தபுரத்தை நோக்கிச் சென்று, தளவாயைப் பதவி நீக்க வேண்டும் எனவும் கம்பனியுடனான உறவைத் துண்டிக்க வேண்டும் எனவும் கோரினர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேலுத்தம்பி எந்த வழியில் வந்தாரோ, அதே வழியில் இப்போது அவருக்கு எதிராகக் கூட்டம் வந்தது.

வேலுத்தம்பி கொச்சிக்குச் சென்று மெக்காலேயிடம் அடைக்கலம் அடைந்தார். கர்நாடகப் படைப்பிரிவு எனப்பட்ட திருவிதாங்கூரின் பயிற்சி பெற்ற படையும் கம்பனிப் படையும் சேர்ந்து கிளர்ச்சியை அடக்கின. தலைவர்கள் பலர் கொல்லப்பட்டனர். கிருஷ்ண பிள்ளை என்பவர் இரு யானைகளின் கால்களில் பிணிக்கப்பட்டு, அவை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டப்பட, உடல் கிழிந்து இறந்தார். இவரது ஆட்சியில் அளிக்கப்பட்ட தண்டனைகளுள் மிகக் கொடியதாக இது நினைக்கப்படுகிறது.

1805ஆம் ஆண்டு உடன்படிக்கை

கிளர்ச்சியை அடக்க உதவிய கம்பனி அதற்கான விலையைக் கேட்டது. 1805 ஜனவரியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கையின் முதன்மைக் கூறுகள்:

- திருவிதாங்கூரில் நிறுத்தப்படும் கம்பனிப் படை அதிகரிக்கப்பட்டது. ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய தொகை ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் ஆனது.
- வெளிப்பகைக்கு எதிராக மட்டுமன்றி, உள்நாட்டுக் குழப்பத்தை அடக்கவும் கம்பனிப் படை பயன்படலாம்.
- பணம் தவறினால் கம்பனி நாட்டின் நிர்வாகத்தில் தலையிடலாம். தேவையெனில் நிர்வாகத்தையே ஏற்கலாம்.
- அரசர் கம்பனியின் ஆலோசனைக்கு எப்போதும் செவிசாய்க்க வேண்டும்.

தயங்கிய அரசரை இணங்கச் செய்தவர் வேலுத்தம்பியே. அரசவையில் பலர் இதற்காக அவர்மீது சினம் கொண்டனர். தம் பதவியைக் காத்துக்கொள்ள அவர் ஒப்பமிடச் செய்த இவ்வுடன்படிக்கையே நான்கு ஆண்டுகளில் அவரைப் போருக்குத் தள்ளியது.

மெக்காலேயுடன் பிணக்கு

திருவிதாங்கூரால் ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் செலுத்த இயலவில்லை. பாக்கி ஏறியது. மெக்காலே தவணைக்கு இடம் தராமல் வற்புறுத்தினார். கர்நாடகப் படைப்பிரிவைக் கலைத்து அச்செலவை மிச்சப்படுத்துமாறு கூறினார். அதைக் கலைத்தால் நாட்டுக்கெனத் தகுந்த படை எதுவும் எஞ்சாது என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

இதற்கிடையே மாத்துத் தரகனின் வழக்கு எழுந்தது. 1799இல் தண்டனை பெற்ற இவ்வணிகர், கம்பனிக்கு மரம் வழங்கும் ஒப்பந்தக்காரராகவும் இருந்தார். வரி பாக்கிக்காக அவரது சொத்துகளைத் தளவாய் பறிமுதல் செய்தார். மெக்காலே அவர் சார்பில் தலையிட்டார். நாட்டின் குடிமகன் ஒருவரின் வரி வழக்கில் ரெசிடெண்ட் தலையிடுவதை ஏற்க வேலுத்தம்பி மறுத்தார். இறுதியில் தளவாய் பதவி விலக வேண்டும் என்று மெக்காலே கோரினார்.

வேலுத்தம்பி வெளியில் இணங்குவதுபோல் காட்டிக்கொண்டு ஆயத்தங்களில் ஈடுபட்டார். கொச்சி அரசின் தலைமை அமைச்சர் பாலியத்து அச்சனும் தமது எதிராளி ஒருவருக்கு மெக்காலே அடைக்கலம் அளித்ததால் பகைமை கொண்டிருந்தார். இருவரும் இணைந்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கும் ஆதரவு கோரி மடல் சென்றது. மொரீசியசில் இருந்த பிரெஞ்சுக்காரருடனும் தொடர்பு ஏற்பட்டதாக ஆங்கிலேய அதிகாரிகள் ஐயுற்றனர். எதிர்பார்த்த வெளியுதவி எதுவும் வந்து சேரவில்லை.

போர்

கொச்சித் தாக்குதல்

டிசம்பர் 28, 1808 இரவில் வைக்கம் பத்மநாப பிள்ளையின் தலைமையில் திருவிதாங்கூர், கொச்சிப் படையினர் மெக்காலேயின் இருப்பிடத்தைத் தாக்கினர். மெக்காலே ஒளிந்திருந்து தப்பி, ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் ஏறினார். தாக்குதலின் நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் போர் தொடங்கிவிட்டது.

ஆலப்புழைப் படுகொலை

அந்நாட்களில் ஆலப்புழைக் கரையில் இறங்க நேர்ந்த ஆங்கிலேயப் படையினர் முப்பதுக்கும் மேற்பட்டோரும், அவர்களுடன் வந்த ஹ்யூம் என்னும் அறுவை மருத்துவரும் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்கள் பள்ளாத்துருத்தி ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டனர். சிறைப்பட்டவர்களைக் கொன்ற இச்செயல் வேலுத்தம்பியின் பெயருக்கு நீங்காக் களங்கம் ஆயிற்று. ஆங்கிலேயர் இதனைத் தங்கள் பழிவாங்கலுக்கு நியாயமாகக் காட்டினர். கிறித்தவர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். மயிலாடிப் பகுதிக் கிறித்தவர்கள் மலைப்பகுதியில் ஒளிந்து வாழ்ந்ததாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

குண்டறை விளம்பரம்

ஜனவரி 11, 1809 (கொல்லம் ஆண்டு 984, மகரம் 1) அன்று கொல்லத்தை அடுத்த குண்டறையிலிருந்து வேலுத்தம்பி மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். மலையாளத்தில் அமைந்த இது 'குண்டறை விளம்பரம்' எனப்படுகிறது. கம்பனி நட்பின் பெயரால் நாடுகளைக் கைப்பற்றும் முறையை அது விளக்குகிறது. அரண்மனையும் கோட்டையும் கம்பனியின் காவலுக்குள் செல்லும், உப்பு முதலியவை தனியுரிமை ஆக்கப்படும், நிலத்துக்கும் தென்னைக்கும் கடும் வரி விதிக்கப்படும், கோயில்களும் சாதி ஒழுக்கங்களும் கெடும் என எச்சரித்து, நாட்டைக் காக்க எழுமாறு அழைப்பு விடுக்கிறது.

இவ்வறிக்கையைக் காலத்தால் சற்று முற்பட்ட மருது சகோதரர்களின் 1801ஆம் ஆண்டுத் திருச்சிராப்பள்ளி அறிக்கையுடன் ஒப்பிடலாம். இரண்டுமே அரசரின் பெயரால் அல்லாமல் மக்களை நேரடியாக நோக்கிப் பேசுகின்றன. இரண்டிலும் கம்பனி நம்பிக்கைத் துரோகம் செய்தது என்ற குற்றச்சாட்டே மையமானது. குண்டறை விளம்பரம் சாதி, சமய ஒழுங்கைக் காக்கும் கடமையையும் வலியுறுத்துகிறது. எனவே இதனைத் தற்காலப் பொருளில் தேசிய அறிக்கை என்று கொள்வதா, பழைய அரசமைப்பைக் காக்கும் அறிக்கை என்று கொள்வதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கொல்லமும் கொச்சியும்

ஜனவரி 15 அன்று கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸ் தலைமையிலான கம்பனிப் படையைத் திருவிதாங்கூர்ப் படை பெரும் எண்ணிக்கையில் தாக்கியது. பல மணி நேரப் போருக்குப் பின் பீரங்கிகளை இழந்து பின்வாங்கியது. சில நாட்களில் கொச்சியின் மீதான தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பாலியத்து அச்சன் பின்னர் கம்பனியிடம் சரணடைந்தார்.

ஆரல்வாய்மொழி

போரின் முடிவைத் தீர்மானித்தது நாஞ்சில் நாடே. கர்னல் செயின்ட் லெகர் தலைமையில் திருநெல்வேலிச் சீமை வழியாக வந்த படை பிப்ரவரித் தொடக்கத்தில் ஆரல்வாய்மொழி அரணுக்கு முன் நின்றது. வேலுத்தம்பியும் அங்கு வந்திருந்தார். அரணை நேராகத் தாக்குவது கடினம். எனவே மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஒரு படைப்பிரிவுடன் இரவில் செங்குத்தான மலைப்பகுதியில் ஏறி, பிப்ரவரி 10 விடியற்காலையில் அரணின் ஒரு முனையைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தார். அதன்பின் முழு அரண்வரிசையும் கைவிடப்பட்டது. இந்த வெல்ஷ், 1801இல் பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோவில் போர்களில் பங்கேற்று, அவற்றைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியவர்.

பிப்ரவரி 17 அன்று நாகர்கோவில், கோட்டாறு பகுதியில் நடந்த மோதலில் திருவிதாங்கூர்ப் படை மீண்டும் தோற்றது. பிப்ரவரி 19 அன்று உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகள் எதிர்ப்பின்றிக் கம்பனி வசமாயின. மார்த்தாண்ட வர்மர் காலம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டிக்காத்த பாதுகாப்பு அமைப்பு பத்தே நாட்களில் வீழ்ந்தது.

இறுதி நாட்கள்

வேலுத்தம்பி திருவனந்தபுரம் சென்று அரசரைச் சந்தித்தார். போரின் முழுப்பழியையும் தம்மீது சுமத்திவிட்டு நாட்டைக் காத்துக்கொள்ளுமாறு வேண்டியதாகக் கூறப்படுகிறது. அரசரும் அவ்வாறே செய்தார். உம்மிணித் தம்பி புதிய திவானாக அமர்த்தப்பட்டார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது.

வடக்கு நோக்கித் தப்பிச் சென்ற வேலுத்தம்பி, வழியில் கிளிமானூர் அரண்மனையில் தம் வாளை ஒப்படைத்தார். பின்னர் இன்றைய பத்தனம்திட்டா மாவட்டத்தில் அடூருக்கு அருகிலுள்ள மண்ணடி பகவதி கோயிலில் தம் இளவல் பத்மநாபன் தம்பியுடன் மறைந்திருந்தார். தேடிவந்தோர் கோயிலைச் சூழ்ந்தபோது, உயிருடன் பிடிபட விரும்பாது உயிர் துறந்தார். தம்மை வெட்டுமாறு இளவலிடம் அவர் வேண்டினார் என்றும், தாமே குத்திக்கொண்ட பின் இளவல் கழுத்தை வெட்டினார் என்றும் இருவகையாகக் கூறப்படுகிறது.

அவரது உடல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிடப்பட்டது. இறந்தவர் உடலை இவ்வாறு காட்சிப்படுத்தியதை அப்போதைய தலைமை ஆளுநர் மிண்டோ பிரபு கண்டித்தார். பத்மநாபன் தம்பி 1809 ஏப்ரலில் கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். வைக்கம் பத்மநாப பிள்ளையும் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்தில் இருந்த குடும்ப வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடத்தில் வாழையும் ஆமணக்கும் நடப்பட்டன. உறவினர்கள் நாடுகடத்தப்பட்டனர். இவற்றை நிறைவேற்றியது திருவிதாங்கூரின் புதிய நிர்வாகமே.

விளைவுகள்

திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. போர்ச் செலவும் நாட்டின் மீது சுமத்தப்பட்டது. பாலராம வர்மர் 1810இல் மறைந்தார். அவருக்குப் பின் அரசுப் பொறுப்பேற்ற கௌரி லட்சுமி பாய், 1811இல் உம்மிணித் தம்பியை நீக்கி, ரெசிடெண்டான கர்னல் ஜான் மன்றோவையே திவானாகவும் அமர்த்தினார். ரெசிடெண்ட் அமைச்சருக்கு ஆணையிடுவதை எதிர்த்துத் தொடங்கிய போர், ரெசிடெண்டே அமைச்சர் ஆவதில் முடிந்தது. அதேவேளை, திருவிதாங்கூர் அரசு கம்பனி ஆட்சிப் பகுதியுடன் இணைக்கப்படாமல் 1949 வரை தனி அரசாகவே நீடித்தது.

மதிப்பீடு

திருவிதாங்கூர் வரலாற்றை எழுதிய பி. சங்குண்ணி மேனன் (1878), வி. நாகமையா (1906) ஆகியோர் இவரது நிர்வாகத் திறனையும் கொடுந்தண்டனைகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அவர்கள் எழுதிய காலத்தில் திருவிதாங்கூர் ஆங்கிலேய மேலாட்சியின் கீழ் இருந்ததால், கம்பனியுடனான போர் பெரும்பாலும் தளவாயின் தவறாகவே காட்டப்பட்டது. இந்திய விடுதலைக்குப் பின் இக்கண்ணோட்டம் மாறியது. குண்டறை விளம்பரமும் மண்ணடி மரணமும் முன்னிறுத்தப்பட்டன. 1804ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும், 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையும், ஆலப்புழைப் படுகொலையும் பின்னுக்குச் சென்றன.

இவர் பொதுவாழ்வில் இருந்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அவற்றுள் கம்பனியை எதிர்த்துப் போரிட்டது மூன்று மாதங்களே. நினைவிடங்களும் நாடகங்களும் அம்மூன்று மாதங்களையே போற்றுகின்றன. முழு வாழ்வையும் நோக்கினால், படைச்செலவுக்காகச் செலுத்த வேண்டிய பணமே ஒவ்வொரு திருப்பத்திலும் இவரை இயக்கியது என்பது புலனாகும். வரிக்கொடுமையை எதிர்த்துப் பதவிக்கு வந்தவர், கம்பனிக்குப் பணம் கட்டுவதற்காகத் தாமே கடுமையாக வரி தண்டினார். படையினரின் படியைக் குறைத்தார். அதனால் எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கம்பனியின் படையை அழைத்தார். அவ்வுதவியால் கடன் மேலும் வளர்ந்தது. அக்காலத்தில் கம்பனியின் துணைப்படை உடன்படிக்கையை ஏற்ற பல இந்திய அரசுகளும் இதே சுழலில் சிக்கின.

நினைவுச் சின்னங்கள்

- திருவனந்தபுரத்தில் கேரளத் தலைமைச் செயலக வளாகத்தில் இவரது சிலை உள்ளது.
- மண்ணடியில் நினைவிடமும் அருங்காட்சியகமும் அமைந்துள்ளன.
- கிளிமானூர் அரண்மனையில் இருந்த இவரது வாள் 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் வழங்கப்பட்டு, தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2010இல் கேரளத்துக்குத் திரும்பிய அவ்வாள் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.
- இந்திய அஞ்சல் துறை 2010 மே மாதத்தில் இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.
- தனுவச்சபுரத்தில் உள்ள என்.எஸ்.எஸ். கல்லூரி இவரது பெயரைத் தாங்கியுள்ளது.
- இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட மலையாளத் திரைப்படம் 1962இல் வெளிவந்தது. கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் வேலுத்தம்பியாக நடித்தார்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் (அப்போதைய சென்னை மாநிலம்) இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. இதனால் வேலுத்தம்பி பிறந்த ஊர் தமிழ்நாட்டிலும், அவரை மிகுதியாகப் போற்றும் மக்கள் கேரளத்திலுமாகப் பிரிந்தனர். அவரது போர்க்களங்களான ஆரல்வாய்மொழி, கோட்டாறு, உதயகிரி ஆகியவை கன்னியாகுமரி மாவட்டத்திலேயே உள்ளன. உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் இன்றும் காணலாம்.

காலவரிசை

- 1765 – தலக்குளத்தில் பிறப்பு
- 1798 – பாலராம வர்மர் அரசராதல்
- 1799 – நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் செல்லல்
- 1802 – தளவாய் பதவி ஏற்றல்
- 1804 – நாயர் படைக் கிளர்ச்சி
- 1805 – கம்பனியுடன் புதிய உடன்படிக்கை
- 1808 டிசம்பர் 28 – மெக்காலேயின் இருப்பிடம் மீது தாக்குதல்
- 1809 ஜனவரி 11 – குண்டறை விளம்பரம்
- 1809 ஜனவரி 15 – கொல்லம் போர்
- 1809 பிப்ரவரி 10 – ஆரல்வாய்மொழி அரண் வீழ்ச்சி
- 1809 பிப்ரவரி 19 – உதயகிரி, பத்மநாபபுரம் வீழ்ச்சி
- 1809 – மண்ணடியில் மரணம்

இவற்றையும் பார்க்க

- மார்த்தாண்ட வர்மர்
- குளச்சல் போர்
- இராஜா கேசவதாசர்
- மருது சகோதரர்கள்
- வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி
- நாஞ்சில் நாடு
- உதயகிரிக் கோட்டை